மாதா கோயில் ஸ்டாப்

கம்பெனி பஸ்ஸுக்கு இன்சார்ஜ் ஆவது கலெக்டர் ஆவது போலக் கிடையாது. அதற்கென்று தனிச் சம்பளம் இல்லை, படி இல்லை. கிடைப்பதெல்லாம் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட், அதிலும் ஜன்னல் ஓரம். ஆனாலும் அந்த சீட்டில் உட்கார்ந்ததும் இசக்கிசெல்விக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். 'போலாம்ணே' என்று அவள் சொன்னால்தான் முனிரத்தினம் கியரைப் போடுவார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மூலையில் பிறந்து, ஒரகடத்தில் காருக்கு ஒயரிங் செய்யும் லைனில் நின்று நின்று கால் வீங்கிப்போன ஒருத்திக்கு, ஒரு முழு பஸ் தன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருப்பது லேசான விஷயமா என்ன?

வண்டிக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஸ்டாப்புக்கு வரத் தாமதமானால் இன்சார்ஜுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு ரிங் அடித்து நின்றால், 'வந்துகொண்டே இருக்கிறேன், வண்டியை நிறுத்தி வை' என்று அர்த்தம். இரண்டு முறை அடித்தால் 'இன்று லீவு, நீ போ'. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. கம்பெனிக்கே இது தெரியாது. ஆனால் முதல் ஷிஃப்ட் வண்டியில் ஏறும் எல்லோருடைய பிழைப்பும் அந்த ரிங்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சைரன் ஊதியபின் கேட்டைத் தாண்டுகிறவர்களுக்கு அன்றைக்கு ஆப்சென்ட். காரணம் கேட்க அங்கே யாருக்கும் காது கிடையாது.

வல்லக்கோட்டையைத் தாண்டி உள்ளே போகும் அந்த ஊரில் வண்டிக்கு இரண்டு ஸ்டாப். முதலாவது பிள்ளையார் கோயில். வண்டி ஊருக்குள்ளேயே வந்து, கோயில் முன்னால் திரும்பி, ஹாரன் அடித்து ஆளை ஏற்றிக்கொள்ளும். அடுத்தது மாதா கோயில். அது பேருக்குத்தான் மாதா கோயில் ஸ்டாப். கோயிலும் தெருவும் உள்ளே தள்ளி இருக்க, வண்டி நிற்பது மெயின் ரோட்டில், வளைவு பக்கத்தில். அந்தத் தெருவுக்குள் வண்டி திரும்ப இடமில்லை என்பார்கள். தண்ணீர் லாரி மட்டும் தினமும் உள்ளே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, இசக்கிசெல்வியும் கேட்டதில்லை.

அவள் குடியிருந்தது பிள்ளையார் கோயில் தெருவில், மஞ்சுளாவின் வீட்டுப் பின்பக்க போர்ஷனில். அந்த வீடு சும்மா கிடைத்துவிடவில்லை. அவளும் புருஷன் பேச்சிராஜும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து குன்றத்தூர் வரைக்கும் வீடு தேடி அலைந்தவர்கள். எல்லா வாசலிலும் முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகு என்ன வேலை என்று கேட்பார்கள், கடைசியாக, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போல, "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். பேச்சிராஜுக்குப் பொய் வராது. அவன் சொன்னதும் வீட்டுக்காரர்கள் சிரித்த முகம் மாறாமலே, நேற்றுதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். எல்லா வீட்டுக்கும் நேற்றே யாரோ அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள்.

மஞ்சுளா வாசலுக்கு வந்தபோது இசக்கிசெல்வி புருஷனைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. மஞ்சுளாவும் அதையே கேட்டாள். இவள் நேராகப் பதில் சொல்லவில்லை. "எங்க ஊர்ல வயக்காடு இருக்குக்கா. எங்க அப்பா நெல்லு போடுதாரு. குலசாமிக்கு வருசா வருசம் கெடா வெட்டுவோம்" என்றாள். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மஞ்சுளாவாகத்தான், நம்ம ஆளுங்கதான் என்று ஒரு முடிவுக்கு வந்தாள், சாவியை எடுத்துக் கொடுத்தாள். அந்த முடிவை இசக்கிசெல்வி அன்றும் திருத்தவில்லை, அதற்குப் பிறகும் திருத்தவில்லை.

மஞ்சுளா கெட்டவள் என்று யாராவது சொன்னால் இசக்கிசெல்வி சண்டைக்குப் போவாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பகல் ஷிஃப்ட் விழுகிற வாரங்களில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது மஞ்சுளாதான். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நிலா காட்டுகிற நேரம் இல்லாவிட்டாலும் ஆட்டுக்குட்டியைக் காட்டியாவது சோறு ஊட்டிவிடுவாள். இதற்கென்று அவள் கை நீட்டி எதுவும் வாங்கியதில்லை. "உம் பொண்ணு எம் பொண்ணு இல்லியா? போ, போய் வேலையப் பாரு" என்று விரட்டுவாள். காய்ச்சல் வந்தபோது பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள். அப்படிப்பட்ட கையை யார் தட்டிவிடுவார்கள்?

பாகுபாடு என்றால் என்னவென்று இசக்கிசெல்விக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்த முடியாது. லோக்கல் பெண்களுக்கு மட்டும் ஓ.டி. போகிறது, தெற்கத்திக்காரி என்றால் சூப்பர்வைசருக்கு இளக்காரம், கேன்டீனில் "ஏலே" என்று ராகம் போட்டுக் கிண்டல் செய்கிறார்கள், எதைத் தொலைத்தாலும் முதலில் வெளியூர்ப் பெண்களின் பையைத்தான் திறந்து பார்க்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வரும்படி சொல்லுவாள். எல்லாம் நிஜம்தான். அவள் மேல் விழுந்த அடி ஒவ்வொன்றும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஷாலின் விஷயத்தில்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஷாலின் மாதா கோயில் தெருப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்தவள். அப்பா இல்லை, அம்மா லூர்து மேரி பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். டிரெய்னிகளில் சிலரைத்தான் வருஷ முடிவில் கம்பெனி ரோலில், அதாவது நிரந்தர வேலையில், எடுப்பார்கள். ஷாலின் கை வேகமான கை, அவளை எடுத்துவிடுவார்கள் என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். வருகைப் பதிவு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

ஒருநாள் வண்டியில் வரும்போது அவள் முன் சீட்டுக்கு எழுந்து வந்தாள்.

"அக்கா, வண்டி எங்க தெரு உள்ள வராதா? அந்த வளைவாண்ட லாரிங்க நிறுத்திக்கினு இருப்பானுங்க. இருட்டுல தனியா நிக்க பேஜாரா கீதுக்கா. கண்டத பேசறானுங்க."

"திரும்ப எடமில்லன்னு அண்ணன் சொல்லுதாருல்லா?"

"வாட்டர் லாரி வருதேக்கா."

இசக்கிசெல்வி முனிரத்தினத்தைப் பார்த்தாள். முனிரத்தினம் கண்ணாடியைப் பார்த்தார். "அது இன்னாமா, ஊர்ல நாலு பேர கேக்காம நா பாட்டுக்கு வண்டிய உள்ள வுட முடியுமா? எனக்கு எல்லாரும் சவாரிதான். நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. ஷாலின் போன பிறகு, பக்கத்து சீட்டில் இருந்த வேல்விழி உதட்டைப் பிதுக்கினாள். வேல்விழி மஞ்சுளாவின் மகள், அதே லைனில்தான் வேலை. "அதுங்களுக்கு எல்லாம் வாசல்லயே வரணும். சர்ச்சுல இருந்து ஸ்கூலு, ஆஸ்பத்திரின்னு எல்லாம் கெடைக்குது. இன்னும் இன்னா வேணுமாம்?" என்றாள்.

இசக்கிசெல்வி தலையாட்டினாள். கொஞ்சம் அழுத்தியே ஆட்டினாள். அந்த மாதிரிப் பேச்சு வரும்போது சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று அவளுக்கு ஒரு பயம். தலையாட்டித் தலையாட்டி, நாளாவட்டத்தில் அவளே அதை நம்பவும் ஆரம்பித்திருந்தாள். நம்பாமல் எப்படி அந்த வீட்டில் தூங்குவது?

வண்டி லேட்டாவதற்குக் காரணம் வேல்விழிதான், அது வண்டியில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் ஒரு ரிங் கொடுத்துவிட்டு ஓடி வருவார்கள். வேல்விழிக்கு ரிங் எதற்கு, அம்மாவே வருவாள். பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டியின் ஜன்னலோரம் வந்து நின்று, "கொஞ்சம் இரு கண்ணு, தல பின்னிக்கினு கீது, தோ வந்துடும்" என்பாள். இசக்கிசெல்வியின் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்கிறவளிடம் எப்படி மாட்டேன் என்பது? வண்டி நிற்கும். அங்கே நின்று தீர்த்த நேரத்தை வேறு எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டுமே. அடுத்த ஸ்டாப் மாதா கோயில். முனிரத்தினம் அங்கே வேகத்தைக் குறைப்பார், ஆள் நின்றால் ஏற்றுவார், நிற்காவிட்டால் போய்க்கொண்டே இருப்பார்.

வண்டி எப்போது வரும் என்று தெரியாததால் ஷாலினும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். லாரிக்காரர்களுக்கு நடுவில் போய் நிற்காமல், வீட்டு மாடிப்படியில் நின்று பிள்ளையார் கோயில் பக்கம் பார்ப்பாள். வண்டியின் ஹெட்லைட் அங்கிருந்து கிளம்பியதும் ஒரு ரிங் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். ஓடினால் சரியாக இருக்கும். அப்படியும் இரண்டு முறை வண்டியை விட்டுவிட்டாள். இன்னொரு முறை விட்டால் ரோல் கிடையாது, டிரெய்னி வேலையும் அத்தோடு சரி என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அது இசக்கிசெல்விக்கும் தெரியும். ஷாலினே சொல்லியிருந்தாள்: "அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா."

அன்று விடிவதற்கு முன்பே மழை தூறிக்கொண்டிருந்தது. வேல்விழி வரவில்லை. மஞ்சுளா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து ஜன்னலைத் தட்டினாள். வண்டி நின்றது. பின்சீட்டில் இருந்து முணுமுணுப்பு கிளம்பியது, ஒருத்தன் விசில் அடித்தான். முனிரத்தினம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, "இன்னாமா இது, கல்யாணத்துக்கா போறோம்?" என்றார். கடைசியில் வேல்விழி ஈரத் தலையோடு, வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு ஏறினாள். அதே நேரம் இசக்கிசெல்வியின் மடியில் போன் ஒரு முறை அடித்து நின்றது. ஷாலின்.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. வளைவு தெரிந்தது. அங்கே யாரும் இல்லை. ஆனால் தெருவின் உள்ளே, வெகு தூரத்தில், ஒரு வெளிச்சம் மேலும் கீழும் ஆடியபடி வந்துகொண்டிருந்தது. கையில் செல்போன் டார்ச்சோடு யாரோ ஓடி வந்தால் எப்படி ஆடுமோ அப்படி.

"யாரும் இல்லியேமா. நிக்கவா, போவவா?" என்றார் முனிரத்தினம்.

பின்னால் இருந்து யாரோ, "அட போலாம்ப்பா, கேட்டு மூடிருவான்" என்று கத்தினார்கள். வேல்விழி ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அவ நேரத்துக்கு வரமாட்டா, அவளுக்காக நாம எல்லாம் ஆப்சென்ட் ஆவணுமா?" என்றாள். கொஞ்சம் முன்னால்தான் வேல்விழிக்காக எல்லோரும் காத்திருந்தோம் என்று அந்த வண்டியில் ஒரு வாய் சொல்லவில்லை. இசக்கிசெல்வி அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். பால் வாங்கப் போகிறவர்கள் யாராவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள முயற்சி செய்தாள் என்று சொல்வதுதான் சரி.

"போலாம்ணே" என்றாள்.

ஷாலின் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அவள் அழவில்லையாம், சண்டை போடவில்லையாம். எச்.ஆரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மழையில் நனைந்தபடி மத்தியானம் வரை வெளியிலேயே நின்றிருக்கிறாள்.

மறுநாள் இசக்கிசெல்வியை லைனிலிருந்து எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். சண்முகசுந்தரம் திருநெல்வேலிக்காரர். மற்றவர்களாக இருந்தால் சொந்த ஜில்லாக்காரர் என்று போய் ஒட்டிக்கொள்வார்கள். இசக்கிசெல்வி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கண்ணில் படாமல் ஒதுங்கியே நடந்தவள். மெட்ராஸ்காரனுக்கு அவள் ஊர்ப் பேர் வெறும் பேர்தான். ஜில்லாக்காரனுக்கு அது பேரோடு நிற்காது.

"உக்காரும்மா" என்றார் சண்முகசுந்தரம். மரியாதையான மனிதர். "ஷாலின் ஒரு கம்ப்ளெயின்ட் சொல்லுது. ரிங் குடுத்தும் வண்டி நிக்கலையாம். ஊருக்குள்ள உள்ள ஸ்டாப்புல எவ்வளவு நேரம்னாலும் நிக்குதாம், இவங்க தெருன்னா மட்டும் போயிருதாம். வேணும்னே பண்ணுறாங்க, பாகுபாடு பாக்காங்கன்னு சொல்லுது. பெரிய வார்த்தைம்மா இது. மேல வரைக்கும் போயிரும். நீதான இன்சார்ஜ்? அப்படி ஏதும் உண்டா?"

ரிங் வந்தது சார் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் நிற்கவில்லை? லேட்டாகிவிட்டது. ஏன் லேட்? வேல்விழி. வேல்விழி என்ற பேரைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது மஞ்சுளாவின் காதுக்குப் போகும். அந்தத் தெருப் பெண்ணுக்காக என் மகளைக் காட்டிக் கொடுத்தாயா, உனக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் இசக்கிசெல்வியிடம் பதில் இல்லை. பதில் இருந்ததுதான், சொல்ல முடியாது. வீடு போகும். பாப்பாவை எங்கே விடுவது?

"அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது சார்" என்றாள். "எல்லா ஸ்டாப்புலயும் ஒரே மாதிரிதான் நிக்கும். அந்தப் பிள்ளதான் லேட்டா வரும்."

சண்முகசுந்தரம் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"திருநெல்வேலி சார்."

"திருநெல்வேலி பெரிய ஜில்லால்லா. ஊரு?"

சொன்னாள்.

"அந்த ஊரா!" என்று அவர் முகம் மலர்ந்தது. "எங்க சித்தப்பா அங்க போஸ்ட் மாஸ்டரா இருந்தாரு. லீவுக்கெல்லாம் வந்திருக்கேன். நீங்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

அந்த ஊரில் வாய்க்காலின் எந்தப் பக்கம் என்று கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: நீங்க என்ன ஆளுங்க? இவரிடம் பொய் சொல்லவும் முடியாது. ஒரு போன் போட்டால் அவள் தாத்தா பேர் வரைக்கும் வந்து விழுந்துவிடும்.

"அந்தப் பக்கம் சார்."

"தப்பா எடுத்துக்காதம்மா. நல்லதுக்குத்தான் கேட்டேன்" என்றார் அவர், நிஜமாகவே கனிவாக. "வேற யாராவது பாகுபாடு இல்லன்னு சொன்னா, அவங்க அப்படித்தான சொல்லுவாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். நீயே சொல்லிட்ட. உங்க ஆளே பாகுபாடு இல்லன்னு சொன்ன பொறவு யாரு என்னத்தக் கேக்க முடியும்? எனக்கும் மனசு லேசாச்சு. நீ போ, லைன்ல தேடுவாங்க."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பிறந்ததற்காக அவள் பேச்சுக்கு மதிப்புக் கிடைத்தது, அவள் வாழ்க்கையிலேயே அன்றுதான். எழுந்து வந்தாள். அன்று முழுக்க கை வேலை செய்தது, மனம் எங்கேயோ கிடந்தது. இரண்டு ஒயரைத் தப்பாகக் கோர்த்துத் திட்டு வாங்கினாள்.

சாயங்காலம் பேச்சிராஜிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். கடைசியில், "உள்ளதச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"சொல்லிட்டு? நாளைக்குப் பாப்பாவ எங்க கொண்டு விடுவீங்க? உங்க கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போவீங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் மஞ்சுளா பாப்பாவோடு ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். பாப்பாவின் சிரிப்புச் சத்தம் இரண்டு வீட்டுக்கும் கேட்டது. "அந்த ஷாலின் புள்ளைக்கு அப்பா வேற இல்ல" என்றான் பேச்சிராஜ் கொஞ்சம் கழித்து. இசக்கிசெல்விக்கு அவன் மேல் கோபமாக வந்தது. அவன் சரியானதைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். வீடு தேடும்போது பின்னால் நின்றது போலவே இப்போதும் பின்னால்தான் நின்றான்.

தூக்கம் வரவில்லை. மறுநாள் டீ பிரேக்கில் யாரும் கூப்பிடாமலே எச்.ஆர். அறைக்குப் போனாள்.

"சார், அன்னைக்கு ரிங் வந்துச்சு சார். எனக்குத் தெரியும். வெளிச்சமும் தெரிஞ்சுது. நாந்தான் போகச் சொன்னேன். அந்தப் பிள்ள மேல தப்பில்ல."

சண்முகசுந்தரம் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நேத்தே மேல சொல்லியாச்சும்மா. இப்ப மாத்திச் சொன்னா, அப்ப நேத்து பொய் சொன்னது யாருன்னு வரும். ரெண்டு பேருக்கும் வேலை போறதுல யாருக்கு லாபம்? அது சின்னப் புள்ள, படிச்சிருக்கு, இந்தப் பக்கம் கம்பெனிக்கா பஞ்சம்? நீ பிள்ளக்காரி." பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "நீ ஒண்ணும் மனசப் போட்டு அலட்டிக்காத. அதுகிட்டயும் பக்குவமா எடுத்துச் சொல்லிட்டேன். உங்க ஆளு ஒருத்தியே வண்டில இன்சார்ஜா இருக்கா, அவளே அப்படி ஒண்ணும் இல்லங்கா, நீயா எதையாவது நெனச்சுக்காதன்னு."

"என் பேரச் சொன்னீங்களா சார்?"

"இன்சார்ஜ்னா நீதானம்மா. இதுல என்ன இருக்கு?"

அவள் அங்கே வந்தது ஷாலினுக்காக. படியிறங்கும்போது கவலை முழுக்கத் தனக்காக இருந்தது. அந்த வெட்கக்கேட்டைப் படியிறங்கும்போதே அவள் உணர்ந்தாள். உணர்ந்து என்ன செய்ய? பயம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டை என்ன சொல்ல! தெருவில் இரண்டு பெண்கள் நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும். மஞ்சுளா கூப்பிட்டால், தெரிந்துபோய்விட்டதோ என்று அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். ஷாலின் நினைத்தால் ஒரு வார்த்தை போதும். பிள்ளையார் கோயில் தெருவில் யாராவது ஒருத்தியிடம், 'உங்க வூட்டுல குடி வச்சிருக்கியே, அது யாருன்னு தெரியுமா?' என்று கேட்டால் போதும். நான் அவள் நிலையில் இருந்தால் கேட்டிருப்பேன் என்று இசக்கிசெல்விக்குத் தோன்றியது. கேட்பதுதான் நியாயம் என்றும் தோன்றியது. வண்டி மாதா கோயில் வளைவைத் தாண்டும்போது அவள் மடியில் இருக்கும் போனைப் பார்ப்பாள். அது அடிக்காது. முனிரத்தினம் இப்போது அங்கே வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. "ஏறத்தான் ஆளு இல்லியே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் ஷாலின் வந்தாள். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு நேராக வந்திருப்பாள் போல, நல்ல சுடிதாரும் தலையில் துப்பட்டாவுமாக. பிள்ளையார் கோயில் தெருவில் அவள் நடந்து வருவதை எல்லா வாசலும் பார்த்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "இசக்கி அக்கா" என்று கூப்பிட்டாள். கையில் ஒரு பை.

இசக்கிசெல்வி ஓடி வந்தாள். கேட்டைத் திறக்க வேண்டும், உள்ளே வா என்று சொல்ல வேண்டும், ஒரு வாய் தண்ணீராவது கொடுக்க வேண்டும். எதிரே உள்ள வீட்டுப் பெண் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டின் தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே இருந்தது.

"கம்பெனி ஷூவும் ஐ.டி. கார்டும்க்கா. திருப்பிக் குடுக்க சொன்னாங்க. என்னை வண்டில ஏத்த மாட்டாங்க, நீங்களே குடுத்துடுங்க" என்றாள் ஷாலின், சத்தமாகவே. பையைக் கேட்டின் மேலாக நீட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சார் சொன்னாருக்கா. உங்களப் பத்தி."

இசக்கிசெல்வி எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"நா யாராண்டயும் சொல்லல. எங்க அம்மாகிட்ட கூட சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க பயந்துகினு இருப்பீங்களேன்னுதான் வந்தேன்." ஷாலின் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். உள்ளே பாப்பா ஏதோ மழலையில் பேசிக்கொண்டிருந்தது. "எனக்கு மொதல்ல செம கோவம்க்கா. வந்து தெருவுலயே கத்திடலாம்னு இருந்துது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். கத்துனா இன்னா ஆவும்? எனக்கு வேல வராது. உங்களுக்கு வூடு போவும். அவ்ளோதான்."

"ஷாலினு, நான் மறுபடி போய்ச் சொன்னேன்டி. உள்ளதச் சொன்னேன். அவரு கேக்கல..."

"தெரியும்க்கா. கேக்க மாட்டாங்க" என்றாள் ஷாலின். அதில் குத்தல் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"யாரு செல்வி அது?" என்று கேட்டபடி மஞ்சுளா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கம்பெனி பொருள் குடுக்க வந்தேன்க்கா" என்று ஷாலினே பதில் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பாப்பா அவளைப் பார்த்துக் கையாட்டியது. அவள் பார்க்கவில்லை.

தெரு முனை திரும்புகிற வரைக்கும் மஞ்சுளா பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்ல வேள, உள்ள கூப்புடாம வெளிய நிக்க வச்சே பேசி அனுப்பின. அதான் உங்கிட்ட எனக்குப் புடிச்சது" என்றாள். "இடம் குடுத்தா ஒட்டிக்குங்க. சில பேரு தெரியாம வூட்டக் கூட வாடகைக்கு வுட்டுடுறாங்க. என்னை எல்லாம் ஏமாத்த முடியாது. ஆளு மொகத்தப் பார்த்தாலே சொல்லிடுவேன் நான், இன்னா ஆளுன்னு." பாப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "இல்லடா தங்கம்? நம்ம வூட்டுக் களை மொகத்துலயே தெரிஞ்சிடுமில்ல?"

இசக்கிசெல்விக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நீ முத்தம் கொடுக்கிற முகத்தைப் பாரு, பார்த்துச் சொல்லு என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஷாலின் இன்னும் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தாள்.

"ஆமாக்கா" என்றாள்.

பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பாப்பாவை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். பாப்பா வர மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, மஞ்சுளாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது.